என்னை மன்னித்துவிட்டாளாம்

துட்டி வீட்டுக்கு இல்லை, பிள்ளை, யாரும் சாகவில்லை. வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நீ வாய் திறந்து கேட்கவில்லை, கண்ணால் கேட்டாய். இன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு. எங்களுக்குத் திருவிருந்து. ஆண்டவருடைய அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போகும்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் வெள்ளைதான் உடுத்துவோம்.

கொஞ்சம் நகர்ந்துகொள். அப்படி இல்லை, இந்தப் பக்கம். ஜன்னலோரம் எனக்கு வேண்டும், வெக்கை தாங்காது. நீதான் முதலில் உட்கார்ந்தாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வயதில் பெரியவர்கள் வந்தால் எழுந்து கொடுக்க வேண்டாமா? இந்தப் பையையும் மடியில் வைத்துக்கொள். உள்ளே வேதப்புத்தகம் இருக்கிறது, கீழே வைக்கக் கூடாது.

எங்கே இறங்க வேண்டும்? ரயில்வே கேட்டா? பரிட்சையா? ஞாயிற்றுக்கிழமையில் பரிட்சை வைத்தால் நாடு எப்படி உருப்படும்? சரி, அது உன் தப்பு இல்லை. அந்தப் புத்தகத்தை மூடி வை. ஓடுகிற பஸ்ஸில் படித்தால் தலைதான் சுற்றும், ஒன்றும் ஏறாது. கேட் வந்ததும் நான் சொல்கிறேன். இந்த வழி எனக்கு மனப்பாடம். மாதா மாதம் இதே பஸ்ஸில்தான் பாளையங்கோட்டைக்குப் போகிறேன்.

உங்கள் ஊரில் கோயில் இல்லையா என்று நீ கேட்கலாம். எங்களுக்குச் சர்ச்தான் கோயில். இருக்கிறது. எங்கள் தேவகிருபைபுரத்துக் கோபுரத்தை மெயின் ரோட்டில் நின்றே பார்க்கலாம். என் கல்யாணம் நடந்த கோயில். ஓய்வுநாள் பள்ளியில் நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள்தான் இன்றைக்கு அங்கே கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு எனக்கே புத்தி சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டு நான் இப்படிப் பஸ் ஏறி அலைகிறேன் என்றால் யார் காரணம்? யூனிஸ்.

யூனிஸ் என் கொழுந்தன் பெண்சாதி. கொழுந்தன் இல்லை, இறந்துவிட்டான். அவளுக்கு ஒரே மகள், ஷெர்லின், ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே காம்பவுண்டு. அவள் யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டாள். ஊரே சொல்லும், யூனிஸ் மாதிரி உண்டா என்று. அப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், பிள்ளை. சத்தம் போடுகிறவர்கள் மனதில் ஒன்றும் இருக்காது. என்னைப் பார், என் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் வீட்டு வாசலில் வந்து நின்று, என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னாள்.

நீ சிரிக்கிறாயா? இல்லையா? சரி.

இதில் என்ன என்று உனக்குத் தோன்றும். எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தால்தான் இது புரியும். ஒருவர் மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருந்தால் அதோடு திருவிருந்துக்குப் போகக் கூடாது. முதலில் போய்ச் சமாதானம் ஆகு, பிறகு என் சந்நிதிக்கு வா என்பது ஆண்டவர் கட்டளை. அதனால் முந்தின சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டும். இவர் அந்த வீட்டுக்குப் போவார், அவள் இந்த வீட்டுக்கு வருவாள். வரப்புச் சண்டை, கோழிச் சண்டை, சம்பந்திச் சண்டை எல்லாம் அன்றைக்குத் தீரும். அழுதுவிட்டு, ஆளுக்கொரு காப்பி குடித்துவிட்டு வருவார்கள். திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிப்பார்கள், அது வேறு.

என் விஷயம் அப்படி இல்லை. நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்க? கன்வென்ஷன் பந்தலில் கையை உயர்த்தி ஆண்டவரை ஏற்றுக்கொண்ட அன்றைக்கே பாவம் என்னை விட்டுப் போய்விட்டது. என் மகள் பெர்சிஸ் அப்போது கைக்குழந்தை. அன்று முதல் பொய் கிடையாது. சினிமா கிடையாது, சீரியல் கிடையாது. அடுத்த வீட்டுக் கருவேப்பிலையைக் கேட்காமல் பறித்தது கிடையாது. கோயிலில் எல்லாரும் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்லும்போது நானும் சத்தமாகத்தான் சொல்வேன். நாங்கள் பாவம் செய்தோம் என்று வரும். நாங்கள் என்றால் சபை. அவர்களுக்காக நானும் சேர்ந்து சொல்கிறேன், அவ்வளவுதான்.

அதனால் சனிக்கிழமையில் எனக்கு மிச்சம் இருந்தது மன்னிக்கிற வேலை மட்டும்தான். அதை நான் ஒழுங்காகச் செய்தேன். ஒரு மாதமும் விட்டதில்லை. ஐந்து மணிக்குத் தலை சீவி, சேலை மாற்றிக்கொண்டு புறப்படுவேன். எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்து, "இன்னைக்கு யார் வீட்டுக்கு இடி விழப் போவுது?" என்று கேட்பார். அவர் பேச்சே அப்படித்தான். அவரையும் மன்னித்துவிட்டுத்தான் படி இறங்குவேன்.

வடக்குத் தெரு லோவிசாள் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் எங்கள் வேலி வரைக்கும் வரும். அவளை மன்னித்திருக்கிறேன். ஆர்கன் வாசிக்கிற தவசிமணி வேண்டுமென்றே நான் மூச்சு விடுகிற இடத்தில் பாட்டை ஓட்டுவான். அவனை மன்னித்திருக்கிறேன். ஐயரம்மாவை, அதாவது எங்கள் பாதிரியார் சம்சாரத்தை, அவரை ஐயர் என்றுதான் சொல்வோம், அந்த அம்மாவை அசன விருந்தில் எனக்கு மட்டும் எலும்பாகப் பார்த்துப் போட்டதற்காக மன்னித்தேன். சும்மா மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வருகிற பழக்கம் என்னிடம் இல்லை. என்ன செய்தாய், எப்போது செய்தாய், அதனால் என் மனது என்ன பாடுபட்டது எல்லாவற்றையும் உட்கார வைத்து விவரமாகச் சொல்வேன். அதுதானே மரியாதை? சிலர் அழுவார்கள். லோவிசாள் ஒருமுறை என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சுவிடாமல் நின்றாள். நான் ஜன்னல் வழியாக மன்னித்துவிட்டு வந்தேன்.

இப்படி இருந்த எனக்கா?

அன்றைக்கும் சுற்றி முடித்து வந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். கேட் திறந்த சத்தம் கேட்டது. யூனிஸ். கையில் ஒரு தூக்குச் சட்டி. ஆபரேஷன் செய்த உடம்பு, கொஞ்சம் மெலிந்திருந்தாள். உட்கார் என்றேன். உட்காரவில்லை.

"யக்கா, நாளைக்குத் திருவிருந்து. நான் உங்கள மன்னிச்சிட்டேன். அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

இறாலைக் கீழே வைத்தேன். "என்னத்துக்குளா மன்னிச்ச?" என்றேன்.

"அது உங்களுக்கே தெரியும்க்கா."

"எனக்குத் தெரியாது. நீ சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் கூட நான் பதில் சொல்லியிருப்பேன். "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டு, தூக்குச் சட்டியை மதில்மேல் வைத்துவிட்டு, கேட்டை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். பார்த்தாயா திமிரை? காரணம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை விவரம் இல்லை. மன்னிக்கவே தெரியாதவள்.

சட்டியில் அவித்த பனங்கிழங்கு இருந்தது. தொடாதீர்கள் என்றேன். எங்கள் வீட்டுக்காரர் நாரை உரித்து உரித்துத் தின்றுகொண்டே, "அவ கொடுத்துட்டுப் போயிட்டா. வாங்கிக்கிட வேண்டியதுதான, எப்சி" என்றார். கிழங்கைச் சொல்கிறார் என்று நினைத்தேன். கிழங்கை இல்லை.

வாங்கிக்கொண்டால் என்ன ஆகும், நீயே சொல். வாங்கிக்கொண்டால் நான் ஏதோ செய்தேன் என்று ஆகாதா? இத்தனை வருஷம் பாவம் தொடாமல் காத்த ஜீவியம் ஒரு சட்டிக் கிழங்கோடு போக வேண்டுமா?

அவள் எதை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஜெபக்குறிப்பு விஷயம். உன்னிடம் சொல்வதில் ஒன்றும் இல்லை, நீ அந்நிய ஆள்.

வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூட்டம் நடக்கும். முடிவில் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியாக எழுந்து சொல்வார்கள். இவளுக்கு மூட்டு வலி, அவள் மகனுக்கு வேலை, இப்படி. நானும் எழுந்து சொன்னேன். எங்கள் குடும்பத்துப் பிள்ளை ஷெர்லினை வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பையனோடு பைக்கில் பார்த்தேன், இருட்டுகிற நேரம், கர்த்தர் அந்தப் பிள்ளையைக் கறைபடாமல் காக்க வேண்டும், ஜெபியுங்கள் என்றேன். இதில் என்ன தப்பு? கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். அதுவும் யாரிடம்? ஜெபிக்கிறவர்களிடம். ஊர்க் கிணற்றடியில் போயா சொன்னேன்?

அந்தச் சமயம் ஷெர்லினுக்குச் சாத்தான்குளத்தில் ஒரு சம்பந்தம் பேசி முடிகிற நேரம். மாப்பிள்ளையின் அக்காள் அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்தது தெரிந்துதானே சொன்னீர்கள் என்று கேட்கிறார்கள். தெரியும். எனக்கு முன்வரிசையில்தான் இருந்தாள். அவளும் சேர்ந்து ஜெபித்தால் நல்லதுதானே? நான்கு நாளில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய? விசுவாசம் இல்லாத குடும்பம். அதே சம்பந்தம் முதலில் என் பெர்சிஸுக்குத்தான் வந்தது, உனக்குத் தெரியுமா? காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், பிறகு எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே அடுத்த வாசலில் போய் நின்றார்கள். அதை நான் அப்போதே மன்னித்துவிட்டேன். அந்த வீட்டாரையும். யூனிஸையும் சேர்த்துத்தான். அவளிடம் நேரில் போய் மன்னித்தேன், அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிறகு என்ன கதை சொன்னார்கள் என்றால், யூனிஸுக்கு வயிற்றில் கட்டியாம். யாரிடமும் சொல்லாதே, கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம். ஸ்கேன் படத்தை வாங்கிக்கொண்டு டாக்டர் போவதற்குள் காட்ட வேண்டும் என்று அந்தப் பையன் பைக்கில் கொண்டுபோய் விட்டானாம். கூட வேலை பார்க்கிறவனாம். இது எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் சொல்லியிருந்தால் அந்தக் கட்டிக்காகவும் வெள்ளிக்கிழமையே ஜெபக்குறிப்புக் கொடுத்திருப்பேனே.

ஷெர்லின் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அம்மாவுடைய ஆபரேஷனுக்குக் கூட லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. யூனிஸ் வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டவில்லை, எங்கள் வீட்டுக்காரர்தான் ஏணி வைத்து ஏறிக் கட்டிவிட்டு வந்தார். இறங்கி வந்தவர் என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. மன்னித்துவிட்டேன்.

கிழங்கு கொண்டுவந்த மறுநாள் நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் குடும்பம் குடும்பமாகத்தான் பந்திக்குப் போவோம். பீடத்துக்கு முன்னால் மரக்கிராதி, அதன் அடியில் வரிசையாக முழங்கால் போட வேண்டும். யூனிஸ் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் எனக்கு இடது பக்கம். எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, பிள்ளை. இறங்கிவிடுவேன், ஏற முடியாது. அப்பம் வாங்கி முடிந்ததும் அவள் தோளைக் கொடுப்பாள், நான் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். யாரும் சொல்லி வைத்தது இல்லை. அப்படியே பழகிவிட்டது.

அன்றைக்கு நான் நடுவழியில் போகும்போது அவள் ஏற்கெனவே முழங்காலில் இருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நீ மன்னித்துவிட்டாய், அதனால் நான் பக்கத்தில் வரலாம், அப்படித்தானே? வர மாட்டேன். நான் சட்டென்று திரும்பி என் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் செய்தது மறுப்பு. புரிகிறதா? உன் மன்னிப்பு எனக்குத் தேவை இல்லை என்று சபை நடுவில் காட்டினேன். ஆனால் அந்தச் சனங்களுக்குப் புத்தி இருந்தால்தானே? பந்தி வரைக்கும் போய்த் திரும்புகிறவர்கள் யார்? மனதில் பாவம் உறுத்துகிறவர்கள். வெளியே வந்ததும் ஆளாளுக்கு என் கையைப் பிடிக்கிறார்கள். லோவிசாள் சொல்கிறாள், "எப்சிபா அக்கா, இம்புட்டு நாளைக்குப் பெறவாவது உங்களுக்கு உணர்த்துனாரே, ஸ்தோத்திரம்." தவசிமணி கண்ணைத் துடைக்கிறான். ஒரு ஊரே சேர்ந்து என்னைப் பாவி ஆக்கிவிட்டது, அதுவும் சந்தோஷமாக.

ஐயர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, இப்போதுதான் பட்டம் வாங்கினவர். அவருக்கு நான் சமையல் செய்து போட்டிருக்கிறேன். என்னிடமே சொல்கிறார்: "அம்மா, நீதி நாம தச்சுப் போடுற சட்டை இல்ல. ஆண்டவர் உடுத்திவிடுறது. மன்னிப்பு வேண்டாம்னு சொன்னா அந்தச் சட்டையும் வேண்டாம்னுதான அர்த்தம்?" பாவத்திலிருந்து விடுதலை ஆனவர்களுக்குத்தான் தப்பை ஒத்துக்கொள்ளப் பயம் இருக்காது என்றும் சொன்னார். எந்தப் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ. விடுதலை ஆனவர்களிடம் தப்பு எங்கிருந்து வரும்? கேட்டுவிட்டேன். காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அதிலிருந்துதான் பாளையங்கோட்டை. பெரிய கோயில், யாரும் யாரையும் கேட்பதில்லை. பக்கத்தில் யார் முழங்கால் போடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியது இல்லை. நிம்மதி. எழுந்திருப்பதுதான் கொஞ்சம் கஷ்டம். போன மாதம் கிராதியைப் பிடித்து எழ முடியாமல் அடுத்த பந்தி ஆட்கள் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். என் இடது கை அதுபாட்டுக்குப் பக்கத்தில் போய்த் தடவுகிறது. பழக்க தோஷம். யாரோ ஒரு அம்மாள், பட்டுச் சேலை, தோளில் கை பட்டதும் விலகிக்கொண்டாள். விலகட்டும்.

இன்றைக்கு நான் ஊரிலே இருந்திருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து சொன்னார். ஷெர்லின் மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறாள். கல்யாணம். இன்றைக்குத்தான் கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சபையில் வாசிப்பது. மாப்பிள்ளை யார் தெரியுமா? அந்தப் பைக் பையன். பெண் கேட்டு அவனே வந்தானாம், இவள் பெயர் கெட்டதற்குத் தானும் காரணம் என்று. பார்த்தாயா? நான் சொன்னது பொய்யா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்த்தேன் என்றேன், இனிமேல் பீடத்துக்கு முன்னாலேயே நிற்கப் போகிறார்கள். இதை நான் யாரிடம் சொன்னாலும் வேறு பக்கம் பார்க்கிறார்கள். நீயும் அப்படித்தான் பார்க்கிறாய்.

யூனிஸ் அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், ஓலை வாசிக்கும்போது பெரியம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று. அவள் பெஞ்சில் இடது பக்கம் உட்கார்ந்து வலது பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்திருப்பாளாம். மாதா மாதம் அப்படித்தான் வைக்கிறாளாம். யார் கேட்டார்கள்? "வாயேன், எப்சி. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றார் அவர். கிழவனுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன். நான் போனால் வென்றது யார் என்று ஆகும்?

என்ன, எட்டி எட்டிப் பார்க்கிறாய்? கேட்டா? இன்னும் வரவில்லை. வந்தால் நான் சொல்ல மாட்டேனா? கண்டக்டர், ரயில்வே கேட் எப்போது வரும்? போய்விட்டதா? அடுத்தது பஸ் ஸ்டாண்டில்தான் நிறுத்துவீர்களா?

என்னைப் பார்த்தால்? நான் பேசிக்கொண்டுதானே வந்தேன், நீதானே ஜன்னலைப் பார்க்க வேண்டும். நான் சொல்கிறேன் என்று சொன்னேனா? அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருந்தாலும், படித்த பிள்ளை, உன் ஸ்டாப்பை நீ பார்க்க வேண்டாமா? எத்தனை மணிக்குப் பரிட்சை? கதவைச் சாத்திவிடுவார்களா? ஆட்டோ பிடித்து ஓடு. கிடைத்தால் போய்விடலாம். என் பையைக் கொடு.

என்ன சொன்னாய்?

பரவாயில்லை ஆன்ட்டியா?

எது பரவாயில்லை? நான் உனக்கு என்ன செய்தேன், நீ பரவாயில்லை என்கிறாய்? வழியெல்லாம் வாய் திறக்காமல் வந்துவிட்டு, இறங்கும்போது இந்த ஒரு வார்த்தையா? அவள் முகம் போலவே வைத்துக்கொள்கிறாய் பார். இந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. நானும் இங்கேதான் இறங்க வேண்டும். கொஞ்சம் இரு. இந்த முழங்கால். கம்பி எட்டவில்லை.

எதற்குக் கையை நீட்டுகிறாய்? நான் கேட்டேனா? பரிட்சைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு ஏன் நின்றுகொண்டிருக்கிறாய்? முதலில் எது பரவாயில்லை என்று சொல். நான் என்ன தப்பு செய்தேன் என்று சொல், பிறகு பிடித்துக்கொள்கிறேன். சொல்ல மாட்டாய். அப்படியென்றால் கையை எடு. எடு. போ, ஓடு.

கண்டக்டர், விசில் கொடுக்காதீர்கள். ஆள் இறங்க வேண்டும். இல்லை, யாரும் பிடிக்க வேண்டாம். பின்னால் இருக்கிறவர் உட்காருங்கள், உங்களை யாரும் கூப்பிடவில்லை. நானே எழுந்திருப்பேன்.

ஒரு நிமிஷம்.

இதோ எழுந்திருக்கிறேன் என்று சொல்கிறேன், அதற்குள் வண்டியை எடுக்கிறீர்களே. நிறுத்துங்கள். கோயில் மணி அடிக்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லையா?